செல்மா படிக்கட்டில் நின்ற கேமராவுக்காக ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களின் பழைய செய்திப்படச் சுருள்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் பெரியோர்க்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பாவோடு உட்கார்ந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைச் சொல்லும் 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' ஆவணத் தொடரின் ஆறாம் பகுதியைப் பார்த்தேன். அப்பாவுக்கு எண்பது வயதாகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் வாசிப்பார், அலபாமாக்காரர்கள் பேசும் ஆங்கிலம் அவர் காதில் ஏறாது. அதனால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1965 பிப்ரவரி. அலபாமாவில் செல்மா என்ற ஊரின் கோர்ட் வாசல் படிக்கட்டு. வாக்காளர்களாகப் பதிய வந்த கறுப்பின மக்களை ஷெரிஃப் ஜிம் கிளார்க்கும் அவருடைய ஆட்களும் மறித்து நிற்கிறார்கள். போதகர் சி.டி. விவியன் ஷெரிஃபின் முகத்துக்கு நேரே விரல் நீட்டிப் பேசிக்கொண்டே இருக்கிறார். திடீரென்று ஒரு குத்து. விவியன் சரிந்து விழுகிறார். அடுத்துப் பார்த்தால் மனிதர் எழுந்து நிற்கிறார். வாயோரம் ரத்தம். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அப்பா இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மறுபடியும் கேட்டார். பிறகு சொன்னார்: "அவர் எழுந்து நின்னது பெரிசுதான். ஆனா அந்தப் படம் பிடிக்கிறவரைப் பாருப்பா. அவரும் ஓடலையே."

எத்தனையோ முறை அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் உங்கள் ஆள். உங்களில் யாரோ ஒருவர் கொடுத்த சம்பளத்தில் அங்கே நின்றவர். அவர் பிடித்த சுருள் உங்களில் ஒருவருடைய கிடங்கில், எண் ஒட்டிய டப்பாவுக்குள் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தத் தொடரை எடுத்த ஹென்றி ஹாம்ப்டன் செயின்ட் லூயிஸ்காரர். சிறுவயதில் போலியோ வந்து கால் பாதிக்கப்பட்டவர். 1965 மார்ச்சில் செல்மாவில் நடந்த ஊர்வலத்தில் அவரும் இருந்தார்; இதைப் படமாக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது என்று பின்னாளில் சொன்னார். 1968இல் பாஸ்டனில் பிளாக்சைடு என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஆறு பகுதிகள் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் ஒளிபரப்பாகும்போது 1987 ஜனவரி ஆகிவிட்டது. 1990இல் இன்னும் எட்டுப் பகுதிகள். மொத்தம் 14 மணி நேரம்.

அவர் வைத்த விதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சம்பவம் நடந்த இடத்தில் இருந்தவர்கள் மட்டுமே படத்தில் பேசலாம். பின்னால் படித்துத் தெரிந்துகொண்ட பேராசிரியர்களுக்கு இடமில்லை. அடி வாங்கியவர் பேசுவார். மறுபக்கத்தில் நின்ற அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸும், ஆல்பனி நகரக் காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட்டும் பேசுவார்கள். நடிகர்களை வைத்து நடித்துக் காட்டுவதும் கிடையாது. அப்படியானால் மிச்சம் இருப்பது என்ன? அன்றைக்கு உங்கள் கேமராக்கள் பிடித்த படம். அது இல்லையென்றால் இந்தத் தொடரே இல்லை.

கென் பர்ன்ஸ் எடுத்த அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தொடர் 1990 செப்டம்பரில் ஐந்து இரவுகள் ஓடியது. ஒன்பது பகுதிகள், ஏறத்தாழ 4 கோடிப் பேர் பார்த்தார்கள். நானும் அந்தத் தொடரின் ரசிகன்தான். 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரின் புகைப்படங்களுக்கு இன்று பதிப்புரிமை கிடையாது. நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆண்டீட்டம் போர்க்களத்தில் விழுந்து கிடந்தவர்களைக் காட்ட யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாம். செல்மா படிக்கட்டைக் காட்ட வேண்டுமென்றால் உங்களுக்குக் கட்ட வேண்டும். கெடு முடிந்ததும் திரும்பக் கட்ட வேண்டும். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய சரித்திரம் பொதுச்சொத்து. நம் காலத்து மனிதர்களின் சரித்திரம் வாடகைக்குக் குடியிருக்கிறது. உயிரோடிருக்கும் ஒருவர் தன் பேரப்பிள்ளைக்குத் தன்னையே திரையில் காட்ட நினைத்தாலும் உங்கள் ரசீது வேண்டியிருக்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஹாம்ப்டனிடம் காசு குறைவு. பல காட்சிகளுக்கும் பாடல்களுக்கும் சில ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும் உரிமம்தான் வாங்க முடிந்தது. 1990களின் நடுவில் அவை ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. தொடர் ஒளிபரப்பிலிருந்து போயிற்று. புதிதாக வீடியோ கேசட் போட்டு விற்கவும் வழியில்லை. மார்ட்டின் லூதர் கிங்குக்கு அவருடைய சகாக்கள் பிறந்தநாள் வாழ்த்துப் பாடும் காட்சி ஒன்று உண்டு. அந்தப் பாட்டுக்கும் அன்று உரிமைத் தொகை இருந்தது. (அந்தப் பாட்டின் மீது கோரிய உரிமை செல்லாது என்று 2015இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.) ஹாம்ப்டன் 1998இல் காலமானார். தன் தொடர் திரைக்குத் திரும்பியதை அவர் பார்க்கவில்லை. ஃபோர்டு அறக்கட்டளை 6 லட்சம் டாலரும், ரிச்சர்ட் கில்டர் என்ற கொடையாளர் 2.5 லட்சம் டாலரும் கொடுத்த பிறகுதான் உரிமங்களைப் புதுப்பிக்க முடிந்தது. 2006 அக்டோபரில் மறுபடி ஒளிபரப்பானது.

அந்த இருட்டுக் காலத்தில்தான் நான் அட்லாண்டா பக்கம் வேலைக்கு வந்து சேர்ந்தேன். இந்த நாட்டைப் புரிந்துகொள்ள எதைப் பார்க்கலாம் என்று அலுவலகத்தில் மூத்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். இந்தத் தொடரின் பெயரைத்தான் முதலில் சொன்னார். கடையில் கிடைக்கவில்லை. நூலகத்தில் ஒரே ஒரு செட் இருந்தது. ஆறு கேசட்டில் நான்காவதைக் காணோம். மற்றவையும் தேய்ந்து, திரையில் மேலும் கீழும் வெள்ளைக் கோடு ஓடியது. நூலக அம்மையார் அவற்றை என் கையில் கொடுக்கும்போது, "பத்திரம், இது போனால் வேறு வாங்க முடியாது" என்றார். நாட்டின் தலையெழுத்தை மாற்றிய பத்தாண்டு, ஒரு நைந்த பிளாஸ்டிக் நாடாவில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு இதில் சொந்தக் கடன் ஒன்றும் உண்டு. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதே ஆண்டு அக்டோபரில், நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய குடியேற்றச் சட்டமும் கையெழுத்தானது. இரண்டுக்கும் பின்னால் இருந்த காற்று ஒன்றுதான். எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து வீடு வாங்கிக் குடியிருப்பது அந்த இரண்டாவது சட்டம் திறந்த கதவு வழியாக. விவியன் வாங்கிய குத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. டிவியைப் பார்த்தபடியே இருந்தார்.

மிசிசிப்பி ஜாக்சன் நகரில் டபிள்யூ.எல்.பி.டி. என்று ஒரு நிலையம் இருந்தது. 1955இல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய ஒளிபரப்பில் பேச வந்தபோது, 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்ற அட்டையைப் போட்டு மறைத்தது. இப்படிப்பட்ட பாரபட்சம் தொடர்ந்ததால் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1969இல் நீதிமன்றத் தீர்ப்பால் அந்த நிலையத்தை நடத்தியவர்கள் உரிமத்தை இழந்தார்கள். அங்கே வன்மத்தோடு மறைத்தார்கள். இங்கே யாருக்கும் வன்மம் இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு தேதி கடந்தது, அவ்வளவுதான். பார்க்க உட்கார்ந்தவருக்கு முன்னால் திரை இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் இருந்தது.

உங்கள் செலவு எனக்குப் புரியாமல் இல்லை. பழைய அசிட்டேட் சுருள் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும். குளிர்ந்த அறை வேண்டும். ஒவ்வோர் அடியையும் பதம் பார்த்து மின்வடிவில் ஏற்றக் கைதேர்ந்தவர்கள் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். சும்மா கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒருமுறை வாங்கிக்கொள்ளுங்கள். பொதுத் தொலைக்காட்சிக்கோ வகுப்பறைக்கோ எடுக்கும் சரித்திரப் படமென்றால், அந்தப் படம் இருக்கும்வரை அந்த உரிமமும் இருக்கட்டும். எடுத்தவர் இறந்தாலும், அவருடைய நிறுவனம் பூட்டப்பட்டாலும், புதுப்பிக்க ஆளில்லை என்ற காரணத்தால் படம் மறையக் கூடாது.

அவசரம் இல்லாமல் இதை எழுதவில்லை. 2025 ஜூலையில் நாடாளுமன்றம் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1967இல் போட்ட சட்டத்தால் உருவான பொது ஒளிபரப்புக் கழகம், அடுத்த மாதமே கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. சரித்திரப் படம் எடுப்பவர்களின் கை இனி இன்னும் சுருங்கும். மலிவான, குறுகிய கால உரிமத்தைத்தான் அவர்கள் கேட்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அதையே விற்றால், ஹாம்ப்டனுக்கு நேர்ந்தது இன்னும் பலருக்கு நேரும்.

இன்னொன்று. அட்லாண்டாவின் டபிள்யூ.எஸ்.பி. நிலையத்தின் பழைய செய்திச் சுருள்கள் இன்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆய்வாளர் தேடிப் பார்க்க முடிகிறது. உங்கள் கிடங்கில், ஒளிபரப்பில் போகாமல் வெட்டி வைத்த துண்டுகளும் இருக்கும். அவற்றின் பட்டியலையாவது பொது நூலகங்களுக்குக் கொடுங்கள். சி.டி. விவியனும், செல்மா ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஜான் லூயிஸும் 2020 ஜூலை 17 அன்று, ஒரே நாளில் காலமானார்கள். 'அங்கே இருந்தவர் மட்டும் பேசலாம்' என்ற விதியோடு இனி ஒருவர் படமெடுக்கக் கிளம்பினால், பேசுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும். உங்கள் டப்பாக்கள்தான் இருக்கும்.

அப்பா அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறார். பெட்டி கட்டும்போது நேற்று கேட்டார்: "அந்தப் படம் பிடிச்சவர் பேர் என்னன்னு எங்கேயாவது எழுதி வச்சிருப்பாங்களா?" நாற்பது வருடம் பேரேடு எழுதியவர்; பெயர் இல்லாத பதிவு அவருக்கு உறுத்தும். 1965 பிப்ரவரி 16, செல்மா கோர்ட் வாசல். உங்கள் குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு பெயர் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். நான் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அட்லாண்டா அருகே வசிக்கும் ஒரு தமிழ்ப் பார்வையாளன்