லேப் அக்காவுக்கு முதல் நன்றி

நானும் மகளும் வீட்டுக்கு வந்துவிட்டோம். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

லேப் அக்கா, அன்று ரிப்போர்ட்டை நீட்டிய நீங்கள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டீர்கள். ஏழு என்றேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் என் ரத்தத்தில் 1.1. பக்கத்தில் அச்சிட்டிருந்த அளவுக்குள்தான் அது இருந்தது. தடித்த எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை. "இது எல்லாருக்கும் பொதுவா போட்ட அளவும்மா. மாசமா இருக்கிறவங்களுக்கு இது அதிகம். உட்காருங்க, டாக்டர்கிட்ட பேசிடறேன்" என்றீர்கள். டாக்டர் போனை எடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நீங்கள் விடவில்லை, அவர் எடுத்துப் பேசிய பிறகுதான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டீர்கள்.

கர்ப்ப காலத்தில் சிறுநீரகங்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேலை செய்யும், அதனால் கிரியேட்டினின் இறங்கி பெரும்பாலும் 0.4 முதல் 0.8 வரைதான் இருக்கும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். உடனே பிரஷர் பார்த்தார்கள், சிறுநீரில் புரதம் பார்த்தார்கள். என் முகமும் கையும் வீங்கியதை "புள்ளத்தாச்சின்னா அப்படித்தான்" என்று சுற்றியிருந்தவர்களெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அக்கா கேட்காமல் விட்டிருந்தால் என்று நினைக்கும்போதே கை நடுங்குகிறது. கர்ப்பிணிகளுக்குரிய அளவையும் ரிப்போர்ட்டிலேயே அச்சிட்டுவிட்டால் எத்தனை பேருக்கு உதவும்!

மகப்பேறு டாக்டர், சிறுநீரக டாக்டர், ராத்திரியெல்லாம் பிரஷர் பார்த்த சிஸ்டர்கள், 24 மணி நேரச் சிறுநீர் சேகரித்த கேனை முகம் சுளிக்காமல் எடுத்துப்போன ஆயாம்மா, குறைமாதக் குழந்தைகள் பிரிவில் என் மகளைப் பார்த்துக்கொண்டவர்கள், வீட்டில் பெரியவனைச் சமாளித்த அண்ணி, எல்லோருக்கும் என் நன்றி.

புரதம் போவது நின்றுவிட்டதா என்று மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். எனக்கு வந்ததுபோல் கர்ப்பத்தில் பிரஷர் ஏறிச் சிறுநீரில் புரதம் போனவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் பிள்ளை வேலை, வீட்டு வேலை என்று சாக்குச் சொல்லாமல் வருடம் தவறாமல் பிரஷரும் ரத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொள்வேன். தெரிந்த பெண் யாராவது மாசமாக இருந்தால், ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றிருந்தாலும் டாக்டர் கண்ணில் காட்டாமல் இருக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு, அக்கா.