நாரா மாகாண ஆளுநருக்கு: பதிவேடு முடியும்வரை ஒரு பொருளையும் கழிக்காதீர்கள்

நாரா மாகாண ஆளுநர் யமாஷிதா மகோதோ அவர்களுக்கும், பண்பாட்டுத் துறையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். யமதோகொரியாமாவில் உங்கள் மாகாணம் 1974-இல் திறந்த நாட்டுப்புற வாழ்வியல் அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதுகிறேன். குளிர்சாதன வசதி பழசாகிப்போனதால் 2024 ஜூலையில் அதன் காட்சிக்கூடத்தை மூடினீர்கள். அதே மாதம் செய்தியாளர்களிடம் பேசியபோது, அங்கே சேர்ந்திருக்கும் சுமார் 45,000 பொருட்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று விதி வகுக்க வேண்டும் என்றீர்கள். முப்பரிமாணப் பதிவாக எடுத்து வைக்கும் யோசனையையும் சொன்னீர்கள். ஜப்பானிய நாட்டாரியல் ஆய்வாளர்களின் சங்கம் கவலை தெரிவித்து அறிக்கையே வெளியிட்டது.

நான் ஒசாகாவில் வேலை பார்க்கும் தமிழன். உங்கள் மாகாணத்தில் எனக்கு ஓட்டு கிடையாது. ஆனால் மூடுவதற்கு முன்பு அந்தக் கூடத்துக்குப் போய், ஆற அமர நின்று பார்த்தவன்.

நாராவுக்கு வருகிற வெளிநாட்டவர் பெரும்பாலும் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தரையும் மான்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அரசர்களும் துறவிகளும் விட்டுப்போனதை அங்கே பார்க்கிறோம். அந்த மண்ணில் உழுதவர்களையும் மரம் வெட்டியவர்களையும் எனக்குக் காட்டியது இந்த அருங்காட்சியகம்தான். சமவெளியின் நெல் விவசாயம், யமதோ மேட்டுநிலத்தின் தேயிலை, யோஷினோ மலையின் காட்டுத்தொழில் என மூன்று வாழ்க்கைகள் அங்கே இருந்தன. மழை குறைந்த நாரா சமவெளியில் ஊருக்கு ஊர் குளம் வெட்டி, காலால் மிதிக்கும் சக்கரத்தால் வயலுக்கு நீர் ஏற்றியிருக்கிறார்கள். யோஷினோவில் ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கன்றுகள் வரை நெருக்கமாக நட்டு, தலைமுறை தாண்டியும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைந்து வளர்த்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்த மரத்தின் நெருக்கமான வளையங்கள்தான் சாக்கே என்ற அரிசி மதுவின் பீப்பாய்க்கு ஏற்றவை. நடுவதற்கு, கிளை கழிக்க, வெட்ட, பட்டை உரிக்க, பலகை பிளக்க என்று ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கருவி. அந்தத் தொகுப்பை நாடே முக்கிய நாட்டார் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்திருக்கிறது.

சரி, அறிவிக்கப்பட்டவை எப்படியும் தப்பிக்கும். என் பயம் மற்றவற்றைப் பற்றியது. ஒரே மாதிரிக் கலப்பை இருபது எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கத் தோன்றும். உமி தூற்றும் மரப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே விசிறி சுழன்று நெல்லையும் பதரையும் பிரிக்கும். பல பெட்டிகளின் மேல் வாங்கிய ஆண்டும், வீட்டுக்காரர் பெயரும், செய்த கடையும் மையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஒசாகாவின் நோனின்பாஷியில் இருந்த கடைகளின் பெயர் தாங்கிய பெட்டிகள் ஒசாகாவும் நாராவும் அடங்கிய கின்கி வட்டாரத்தில் பரவலாகக் கிடைத்தன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்துத்தான், சரக்கு எவ்வளவு தூரம் போனது, வடிவம் எப்போது மாறியது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு பெட்டி இருந்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. சாமிக்கு எடுத்து வைத்தது போல ஒன்றை மட்டும் கண்ணாடிக்குள் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

முப்பரிமாணப் பதிவு வேண்டும்தான். தொலைவில் இருக்கும் எங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் எடை, மரத்தின் வகை, கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் பொருத்து, இவை திரையில் வராது. நாளை வரும் ஆய்வாளர் எந்தக் கேள்வியோடு வருவார் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. இன்று தேவையில்லை என்று படுகிற ஒரு தேய்மானம்தான் அவருக்குத் தேவைப்படலாம்.

இடமும் பணமும் இல்லை என்பது பொய்யான காரணம் என்று நான் சொல்லவில்லை. ஜப்பான் முழுக்க ஊர் அருங்காட்சியகங்களின் கிடங்குகள் நிரம்பி வழிகின்றன. 1960-களிலும் 70-களிலும் வீடுகளும் வயல்களும் வேகமாக மாறியபோது, மக்கள் நம்பிக் கொடுத்ததை அவை வாங்கி வைத்தன. தொத்தோரி மாகாணத்தின் ஹொகுயெய் ஊர் 2018-இல் ஒரு வழி காட்டியது. 500-க்கும் மேற்பட்ட பொருட்களைப் பிரியாவிடைக் கண்காட்சியாக வைத்து, விரும்பியவர்கள் கேட்டு எடுத்துப்போகச் செய்தது. எது போகிறது, ஏன் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றைப் பிரிந்தே ஆகவேண்டும் என்றால் அப்படி வெளிச்சத்தில் செய்யுங்கள். கொடுத்த குடும்பத்திடம் முதலில் கேளுங்கள். அப்புறம் அந்தந்த ஊர்ப் பள்ளிகளிடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழைய கருவிகளைப் பற்றிப் பாடமே இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் பதிவேடு முழுமையாக வேண்டும். எந்த ஊரில், யார் கையில், எந்த வேலைக்கு, எந்த ஆண்டு வரை இருந்தது என்று எழுதத் தெரிந்த அருங்காட்சியகப் பணியாளர்களை நிரந்தரமாக நியமியுங்கள். அந்தக் கருவிகளைக் கையாண்ட முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதட்டும். அந்த வேலை முடிந்து, பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வரும்வரை ஒரு பொருள்கூட வெளியேறாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

மரியாதையுடன்,
ஒசாகாவிலிருந்து ஒரு பார்வையாளன்