என்னை எழுந்து நடக்க வெச்சவங்களுக்கு நன்றி

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது, இன்னிக்கு எழுதிடறேன். வயசானவங்கள உடற்பயிற்சி செய்ய சொல்றவங்க எல்லாரும் மொதல்ல பயமுறுத்தித்தான் ஆரம்பிப்பாங்க, செய்யலன்னா சுகர் ஏறும், பிரஷர் ஏறும், விழுந்தா இடுப்பு எலும்பு போயிடும்னு. எல்லாம் உண்மைதான், ஆனா அந்த பயத்துல நான் கொஞ்ச நாள்தான் நடந்திருப்பேன். விடாம செய்ய வெச்சது நீங்கதான்.

பிசியோதெரபிஸ்ட் தம்பி, எடுத்த உடனே பயிற்சிய சொல்லாம "உங்களால இப்ப முடியாம போன எந்த வேலைய திரும்ப செய்யணும்னு ஆசைம்மா"ன்னு கேட்டீங்க, நான் பேத்திய தூக்கணும்னு சொன்னேன். அப்புறம் நாற்காலில கை ஊனாம எந்திரிக்கறது, சுவத்துல கை வெச்சு தள்றது, ஒத்தக் கால்ல நிக்கறது எல்லாமே அவள தூக்கறதுக்குன்னே எனக்கு மனசுல பதிஞ்சு போச்சு. 65 வயசு தாண்டினவங்க வாரத்துக்கு கொறஞ்சது 150 நிமிஷம் நடக்கற மாதிரி ஏதாவது செய்யணும், தசைக்கு 2 நாள், பேலன்ஸுக்கு 3 நாள்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுதாம், அத மொதல் நாளே சொல்லியிருந்தா மலைச்சு போயிருப்பேன். நீங்க 10 நிமிஷத்துல ஆரம்பிச்சீங்க. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதான் சரியான வேகம்னு சொன்னது இன்னமும் கைகுடுக்குது. 90 வயசுக்காரங்களே 8 வாரம் வெயிட் பயிற்சி செஞ்சு கால்ல பலம் கூடினத 1990லயே ஆராய்ச்சில காட்டிட்டாங்கன்னு நீங்க சொன்னப்பதான் என்னாலயும் முடியும்னு நம்பிக்கை வந்துச்சு.

வாக்கிங் தோழிகளே, நான் வரலன்னா உடனே போன் பண்ணி ஏன் வரல ஒடம்புக்கு என்னன்னு கேப்பீங்க, எனக்காக வேகத்த கொறச்சு நடந்தீங்க, அது எனக்கு தெரியாம இல்ல. அவர் போனப்புறம் பேச ஆள் இல்லாத வீட்லேர்ந்து நான் ஒடம்புக்காக கெளம்புனத விட உங்க பேச்சுக்காக கெளம்புனதுதான் அதிகம்.

மகனுக்கும் மருமகளுக்கும் தனியா சொல்லணும். வயசான காலத்துல எதுக்கும்மா இதெல்லாம், சும்மா இருங்கன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நெறைய வீட்ல பாசத்துலதான் அப்படி சொல்றாங்க, ஆனா அந்த வார்த்தையே ஆள உக்கார வெச்சிடும், தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க.

பேத்திய தூக்கியாச்சு, இப்ப அவதான் எறங்க மாட்டேங்கறா. முட்டி வலிக்குதுன்னு நம்ம வாக்கிங்ல சேர தயங்கற அந்த அக்காகிட்ட சொல்லிடுங்க, அவங்க கூட மெதுவா நடக்க நான் வர்றேன்.