ஜேன் ஆடம்ஸ் சிறுநூல்: துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்காவின் சிகாகோ நகரில் வாழ்ந்த சமூக சேவகர் ஜேன் ஆடம்ஸைப் பற்றி நான்கு ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் நான் எழுதிவந்த சிறுநூல் அச்சாகி வந்துவிட்டது.

முதல் நன்றி ஹால்ஸ்டெட் தெருவிலுள்ள ஹல் ஹவுஸ் அருங்காட்சியகப் பணியாளர்களுக்கு. புலம்பெயர்ந்துவந்த ஏழைத் தொழிலாளர்களிடையே 1889-இல் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் குடியேறித் தொடங்கிய அந்தச் சமூக சேவை இல்லம் பதின்மூன்று கட்டடங்களாக வளர்ந்தது. பல்கலைக்கழக வளாகத்துக்காக இடித்தவை போக, இன்று எஞ்சியிருப்பவை இரண்டே. அவற்றுள் ஒன்றான உணவுக்கூடத்தில், மூடும் நேரம் கடந்தும் என்னைக் குறிப்பெடுக்க விட்டார்கள்.

மாநகராட்சியில் துப்புரவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவுக்குப் பட்ட கடன் பெரிது. 1895-இல் ஆடம்ஸ் தம் பகுதியான 19-ஆம் வார்டில் குப்பை அள்ளும் ஒப்பந்தத்தைக் கேட்டார். அது கிடைக்கவில்லை, குப்பை ஆய்வாளர் பதவி கிடைத்தது. காலை ஆறு மணிக்கே எழுந்து வண்டிகளைப் பின்தொடர்ந்தார். குறுகலான தெரு ஒன்றில் பதினெட்டு அங்குலக் குப்பையை அகற்றிய பிறகுதான் அடியில் தளம் போட்டிருந்ததே தெரிந்தது. இத்தனையையும் நான் "சுகாதாரப் பணிகளை மேற்பார்வையிட்டார்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். படித்துவிட்டுப் பெரியப்பா தொலைபேசியில் சொன்னார்: "மேற்பார்வைன்னா நாற்காலியில உட்கார்ந்து கையெழுத்துப் போடறதும்மா. அந்த அம்மா வண்டி பின்னாடி நடந்திருக்காங்க. நடந்தாங்கன்னு எழுது." அத்தியாயம் முழுவதையும் மீண்டும் எழுதினேன்.

1915-இல் ஹேக் நகரில் பன்னிரண்டு நாடுகளின் பெண்கள் கூடிய அமைதி மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஆடம்ஸ், போரிட்ட நாடுகளின் தலைநகரங்களுக்கே சென்று அமைச்சர்களைச் சந்தித்துத் திரும்பியபோது, சொந்த நாட்டுப் பத்திரிகைகள் அவரைத் தூற்றின. அந்தப் பக்கங்களை நுண்படச் சுருள்களில் தேடித்தந்த நூலகருக்கு நன்றி. புகழுரைகளே போதுமென்று நான் சோம்பியிருந்த வேளை அது. 1919-இல் அமைதிக்கும் விடுதலைக்குமான பன்னாட்டுப் பெண்கள் சங்கத்தின் முதல் தலைவரானதையும், 1931-இல் கிடைத்த நோபல் பரிசுத் தொகையில் தம் பங்கை அச்சங்கத்துக்கே கொடுத்ததையும் அந்தத் தூற்றலோடு சேர்த்துப் படித்தால்தான் அவருடைய பிடிவாதம் புரிகிறது.

அச்சுச் செலவில் பாதியை ஏற்ற பக்கத்து வீட்டு அம்மையார் தம் பெயரைப் போடக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டார். காப்பாற்றிவிட்டேன்.

எல்லோருக்கும் பிரதிகளை அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். பெரியப்பா, 31-ஆம் பக்கத்தைப் பாருங்கள்; "நடந்தார்" என்றே இருக்கிறது.

நன்றியுடன்,
நூலாசிரியர்