பெரியப்பாவுக்கு, பேர்கனிலிருந்து: பாய்வள்ளம் பற்றி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க, இங்கே நோர்வேயில் வள்ள வேலை தொடங்கிவிட்டது. குளிர்காலம் முழுக்கச் சின்ன வள்ளங்களைக் கரையிலேற்றி மூடிவைப்பார்கள். சித்திரை, வைகாசியில் எண்ணெய் பூசி இறக்குவார்கள். ஊரில் கட்டவென்று நீங்கள் கேட்ட பாய்வள்ளத்தின் அமைப்பை எழுதுகிறேன்.

நீளம் 18 அடி, அகலம் 6 அடி, பலகை அரை அங்குலம்தான். எங்கட வள்ளத்தில் பலகையோடு பலகை முட்டவைத்து, இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்துப் பார்ப்பீர்கள். இங்கே மேற்பலகை கீழ்ப்பலகையின் விளிம்பை முக்கால் அங்குலம் மூடும், பஞ்சு வைப்பதில்லை. வெளியிலிருந்து செப்பாணி அடித்து, உள்ளே செப்பு வட்டுக் கோத்து, மிச்சத்தை நறுக்கி, சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டி முனையைப் பரப்பவேணும். வெளியே இன்னொருவர் ஆணித்தலையில் கனத்த இரும்பை அழுத்திப் பிடிப்பார். பெரிய சுத்தியல் எடுத்தால் ஆணி பலகைக்குள்ளேயே வளைந்துவிடும். பார்வைக்கு இறுக்கமாய்த்தான் இருக்கும். காற்றில் வள்ளம் முறுகும்போது அந்த இடம்தான் முதலில் ஒழுகும். உள்ளே பலகைகளைத் தாங்கும் விலாச்சட்டங்களான வங்குகள் ஓக் மரம். அதற்கு இரும்பாணி கூடவே கூடாது, மரத்தின் துவர்ப்பு இரும்பைத் தின்றுவிடும்.

காய்ந்த வள்ளத்தை இறக்கினால் முதல் நாள் எல்லா மூட்டாலும் தண்ணி வரும். பயந்து இடுக்கில் மக்குத் திணிக்கக்கூடாது: மரம் ஊறிப் பருக்கும்போது இடமில்லாமல் வங்கு வெடிக்கும், அல்லது ஆணி இளகும். ஆழமில்லாத இடத்தில் கட்டி ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டால் தானாய் அடையும். இங்கே ஓயாத மழை. உப்புத்தண்ணி மரத்தைக் காக்கும், தேங்கிய மழைத்தண்ணி உக்கவைக்கும்.

ஊரில் எனக்குப் பயம் வெயிலுக்குத்தான். சித்திரை வெயிலில் இந்த மெல்லிய பலகை பிளந்துவிடும். கிடுகுப் பந்தலும் ஈரச்சாக்கும் வேணும். தண்ணியிலேயே விட்டாலோ கப்பற்புழு. வள்ளத்தின் அடியால் தண்ணிக்குள் இறங்கும் நடுப்பலகையைத் தூக்கினால் 1 அடித் தண்ணி போதும், ஊர்காவற்றுறைப் பரவைக்கடலுக்கு அளவானது. ஆனால் அந்தப் பலகை ஏறியிறங்கும் பெட்டிக்குள் தூரிகை போகாது, புழுவுக்கு அதுவே வாசல். பெட்டியைப் பூட்டமுன் உட்பக்கம் பூசிவிடுங்கோ.

பாய் ஒன்றுதான், அதன் மேல்விளிம்பைத் தாங்கும் பருமல் என்ற தடியோடு ஏறும். ஏற்றுகயிற்றைப் பருமலின் முன்முனையிலிருந்து மூன்றிலொரு பங்கில் கட்டவேணும். முன்மூலையைக் கீழே இறுக்கி இழுக்காவிட்டால் பருமலின் முன்முனையிலிருந்து பாயின் பின்மூலைக்குச் சுருக்கம் விழும், எதிர்காற்றில் ஏறாது. சோழகக் காற்றுக்குப் பாயைச் சின்னதாக்கும் சுருக்குக்கயிறு இரண்டு வரிசை கட்டாயம். சுருக்கும்போது முன்மூலை, பின்மூலை, கடைசியாய் நடுக்கயிறுகள். விரிக்கும்போது நடுக்கயிறு முதலில். மாறினால் பாய் கிழியும்.

குறுக்குப்பலகை ஒன்றைக் கழற்றினால் இரண்டு பேர் படுக்கலாம், மேலே கன்வஸ் கூடாரம். நங்கூரம் 7 கிலோ, சங்கிலி 4 மீற்றர், கயிறு ஆழத்தைப்போல் 5 மடங்கு. இங்கே வீடுகளிலிருந்து 150 மீற்றர் தள்ளிக் கரையிலும் கூடாரம் போடச் சட்டம் இடம்தரும். ஆனியில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். கடல்தான் குளிர், விழுந்தால் கொஞ்ச நேரத்தில் கை விறைக்கும். 8 மீற்றருக்குக் குறைந்த வள்ளம் ஓடும்போது மிதவையங்கி 2015 முதல் கட்டாயம். அங்கேயும் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுங்கோ.

மரம் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1938இல் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஊர் ஆட்களின் கையால்தான். வங்கின் தடிப்பை மட்டும் அளந்து எழுதுங்கோ. பலகையையும் வங்கையும் கடந்து கால் அங்குலமாவது ஆணி நீளவேணும். அளவு தெரிந்தால் ஆணியும் வட்டும் இங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அன்பு மகன்