குளோரின் அளவைப் பலகையில் எழுதிப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்காமல் நாங்கள் மீனைத் தொட்டியில் விடுவதில்லை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனை மருந்தைச் சொட்டுவிட்டால் மஞ்சளாக மாறும். மஞ்சள் ஏற ஏற குளோரின் அதிகம். இருந்தால் ஆன்டி குளோரின் ஊற்றி முறித்துவிடுவோம்.

இந்தக் கோடையில் அந்த ஆன்டி குளோரினைச் சிலர் வீட்டுச் சம்ப்பில் ஊற்றுவதற்காகக் கேட்டு வருகிறார்கள். "மீனையே கொல்லுற தண்ணிய குழந்தைங்க எப்படிங்க குடிக்கும்?" என்று பெரம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டார். நியாயமான பயம்தான், ஆனால் நான் கொடுக்கவில்லை. மீன் செவுளால் மூச்சு விடுகிறது. அந்த மெல்லிய சவ்வைக் குளோரின் நேராக அரித்துவிடும். நாம் குடிக்கும் தண்ணீரில் இருக்கும் கொஞ்சம் குளோரின் எச்சிலிலும் வயிற்றிலுமே முறிந்துபோகும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது.

வடசென்னையில் எனக்குக் கவலை மஞ்சளே ஏறாத தண்ணீரைப் பற்றித்தான். புழலில் சுத்திகரித்துக் குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். ஆனால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை சந்துகளில் பழைய குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. தண்ணீர் விடும் நேரத்தில் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு இழுக்கிறோம். குழாயில் விரிசல் இருந்தால் வெளியே தேங்கியிருப்பதும் சேர்ந்து உள்ளே வரும். அந்த அழுக்கை முறிப்பதிலேயே குளோரின் தீர்ந்துவிடும். கடைசி வீட்டுக்காரர் குடத்தில் பிடிப்பதில் கிருமியைக் கொல்ல எதுவும் மிஞ்சாது. அதிலும் ஆன்டி குளோரின் ஊற்றினால் என்ன ஆகும்?

தண்ணீரில் மக்கிக் கிடக்கும் இலை தழையோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்றவை உண்டாகும், பல வருடம் குடித்தால் புற்றுநோய் வருமோ என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளர்களிடம் இருப்பது உண்மை. அதற்காகக் கிருமிநீக்கத்தைக் குறைத்துவிடக் கூடாது என்பதையும் அதே உலக சுகாதார நிறுவனம்தான் சொல்கிறது. மூடி போடாமல் நன்றாகக் கொதிக்க வைத்தால் அவற்றில் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும், கிருமியும் சாகும்.

நீச்சல் குளத்துக்கு வருகிறேன். என் மகள் பழகப் போகும் தனியார் குளத்துக் கட்டடத்துக்குள் நுழைந்தாலே மூக்கில் ஏறுகிறது. கண் சிவந்து, இருமிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். கேட்டால், "குளோரின் நிறைய போட்டு சுத்தமா வெச்சிருக்கோம் சார், அதான் வாசனை" என்கிறார்கள். அது சுத்தத்தின் வாசனையே இல்லை. வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு இவற்றோடு குளோரின் கலந்து உண்டாகும் குளோரமைனின் நெடி அது. காற்றோட்டமில்லாத கூரைக்குள் தண்ணீர்மட்டத்திலேயே தங்கி நிற்கும். மூச்சிளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு ரொம்பவே ஆகாது. அழுக்கோடு கலக்காத, தனித்த குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8 வரை நிற்க வேண்டும், ஒவ்வொருவரும் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு இறங்க வேண்டும். இன்றைய அளவு என்ன என்று கேட்டேன். அளந்து எழுதி வைக்கும் நோட்டுகூட அங்கே இல்லை.

சோதனைப் பெட்டி ஒன்றும் பெரிய விலை இல்லை. ரேஷன் கடையில் இருப்பு எழுதிப் போடுகிற மாதிரி, குளத்து வாசலில் தினமும் காலையும் மாலையும் இந்த இரண்டு எண்களையும் எழுதிப் போட உத்தரவிட வேண்டும். அப்புறம், குடிநீர் விடும் நாட்களில் ஒவ்வொரு தெருவிலும் கடைசி வீட்டுக் குழாயில் அளந்து, அந்த எண்ணையும் தெருவாசிகள் பார்க்கும் இடத்தில் எழுத வேண்டும். 0.2-க்குக் கீழே போனால் புகார் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே அந்தக் குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வண்ண மீன் வியாபாரி ஒருவர்,
கொளத்தூர், சென்னை - 99.