புழுங்கலரிசியும் உன் லேப்டாப்பும்

அன்புள்ள மகளே,

தீபாவளி லீவில் வந்திருந்தபோது சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து, "சித்தப்பா, யாருக்கு நீரிழிவு வரும்னு இது முன்கூட்டியே சொல்லிடும்" என்றாய். மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிற பிள்ளை பைத்தான் என்கிற கணினி மொழியும் படிக்கிறது என்று உன் அப்பா சுங்கை சிப்புட் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் 'இனம்' என்று ஒரு கட்டம், அதில் 'இந்தியர்' என்று போட்டால் கணக்கு எகிறுகிறது என்று காட்டினாயே, அப்போது முறுக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். வீடு நிறைய விருந்தாளிகள். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். உன்னைப் போல இன்னும் நாலு பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

நீ காட்டிய எண்ணில் தப்பு இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4. நம் தெருவில் டயாலிசிசுக்கு ஆள் ஏற்ற வரும் வேனைப் பார்த்தாலே போதும். அந்தக் கட்டத்துக்குள் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

நூறு வருஷத்துக்கு முன்பு இதே மலாயாவை பெரிபெரி என்கிற நோய் ஆட்டிப்படைத்தது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், தோட்டத்துத் தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. அன்றைக்கு உன் லேப்டாப் இருந்திருந்தால் 'சீனர்' என்றால் ஆபத்து, 'தமிழர்' என்றால் பயமில்லை என்று கற்றுக்கொண்டிருக்கும். கணிப்பும் சரியாகவே வந்திருக்கும்!

நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்கிற டாக்டர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி, சுரங்கத்தில் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்பவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் போட்டார். ஒற்றைப்படை ஒரு வார்டு, இரட்டைப்படை இன்னொரு வார்டு. ஒரு பக்கம் புழுங்கல், மறுபக்கம் வெள்ளை. கோளாறு கட்டடத்தில் இருக்குமோ என்று நடுவில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசி போன இடத்துக்கே பெரிபெரியும் போனது. (அந்தப் பாவப்பட்டவர்களிடம் யார் சம்மதம் கேட்டிருப்பார்கள்? அது வேறு கதை.) பிராடன் அரிசியில் விஷம் என்று நினைத்தார். எண்ணிக்கை சரி, காரணம் தப்பு. தவிட்டோடு போய்விடுகிற பி1 வைட்டமின், நெல்லை அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். 'தமிழர்' என்ற கட்டத்துக்குள் இருந்தது அரிசி.

இடையில் ஒன்று. ஃபிளெட்சரைப் பார்த்து நீ ஐசியின் (நம் அடையாள அட்டையின்) கடைசி எண்ணை வைத்து ஒற்றை, இரட்டை என்று ஆட்களைப் பிரித்துவிடாதே. ஆம்பளைக்கு ஒற்றை, பொம்பளைக்கு இரட்டை. ஒரு பக்கம் முழுக்க மீசையாக நிற்கும்.

அடுத்தது என் குற்றம். நான் டிரசராக, அதாவது தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கிறவராக இருந்த தோட்டத்தில் இன்று ஒரு பால்மரம்கூட (ரப்பர் மரம்) இல்லை, எல்லாம் செம்பனை. அந்தக் காலத்து நோட்டு ஒன்று இன்னும் பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. பெயர் கிடையாது, லய (தொழிலாளர் வீட்டு வரிசை) எண்ணும் பிரஷர் அளவும் மட்டும். போன வாரம் எடுத்துப் புரட்டினேன். 130/80, 140/90, 120/80, 150/90. பக்கம் பக்கமாக எல்லாம் பூஜ்ஜியத்தில் முடிகிறது. பாதரசக் கருவியில் இரண்டிரண்டாகத்தான் கோடு, ஒழுங்காகப் படித்திருந்தால் ஐந்தில் ஒன்றுதான் பூஜ்ஜியத்தில் முடியும். காலை ஆளெடுக்கும் பெரட்டு முடிந்து நாற்பது பேர் வாசலில், கையில் பால் நாற்றத்தோடு, வேலைக்கு நேரமாகுது என்று நிற்கும்போது 136ஐ 140 என்று எழுதியவன் நான்தான். சில நாள் 130 என்றும் எழுதியிருப்பேன். அந்த ஆளுக்கு மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்பதை என் அவசரம் முடிவு செய்தது.

வயிற்றுவலி என்று எழுதியதில் எத்தனை நிஜ வயிற்றுவலி? எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) இல்லாமல் வேலைக்கு வராவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உட்கார்ந்த தாய்க்கும் 'வயிற்றுவலி' என்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன். எம்சி வேண்டாதவர்கள் கிளினிக் பக்கமே வரவில்லை, நோட்டிலும் இல்லை. இந்த மாதிரி நோட்டுகள்தான் பிறகு யாரோ தட்டச்சு செய்து உன்னைப் போன்றவர்கள் கைக்கு 'டேட்டா'வாக வருகின்றன. பெயரைக் கேட்கவே வேண்டாம். ஒரே முனியம்மாவைத் தோட்டத்து எழுத்தரான கிராணி மூன்று விதமாக எழுதுவார். உன் கணினிக்கு அவர் மூன்று பெண்கள்.

அதனால் உன் வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை, விடாதே. வார்டில் நின்று பார்க்கவும் தெரிந்து, கணக்கும் போடத் தெரிந்த ஆள் நம் பக்கம் அதிகம் இல்லை. 'இந்தியர்' என்ற கட்டத்தைத் தூக்கிவிட்டு, அதற்குப் பதிலாக என்னென்ன கேட்கலாம் என்று உட்கார்ந்து யோசி. இரவு ஷிஃப்டா? பால் வெட்டி நடந்த கால்கள் லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போன பிறகு எவ்வளவு நடக்கின்றன? சாப்பாடு எத்தனை மணிக்கு?

டீயில் எவ்வளவு டின் பால் (இனிப்பான கெட்டிப் பால்) என்பதையும் சேர்த்துக்கொள். இதை உன் பாட்டியிடமிருந்தே தொடங்கலாம். கிளினிக்கில் நர்ஸ் கேட்டால் "ஒரு ஸ்பூன்தான்மா" என்பார், நான் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறேன். அந்த வீட்டில் டீ குடிப்பது அவர் ஒருத்திதான். அடுத்த லீவுக்கு வரும்போது கேள்வித்தாளைப் பையிலேயே வைத்துவிட்டு, பின்வாசல் குப்பைக்கூடையில் ஒரு வாரத்துக்கு எத்தனை டின் விழுகிறது என்று பார். நான் பார்த்த வாரம் மூன்று.

அன்புடன்,
சித்தப்பா
சுங்கை சிப்புட்